எங்கள் விடயம் வந்தபோது

27 ஆகஸ்ட் 2025, புதன்

எங்கள் கண்ணாடிக் கடையில் கூட்டமே இல்லை. ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு வந்த சனம் முழுக்கப் பள்ளிக்கூடப் பையும் மழைச்சப்பாத்தும் வாங்கும் அவசரத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடி வாங்க யாருக்கும் நினைப்பில்லை.

பின்னேரம் எமிலியா தொலைபேசியில் அழைத்தாள். யாரென்று முதலில் பிடிபடவில்லை. எங்கள் நகரப்பகுதி மன்றத்தின் செயலாளராம். கட்சிப் பட்டியலில் எனக்கு மேலே இருந்தவர் வேறு நகரத்துக்குக் குடிபோய்விட்டார், இனி அவருடைய இடம் எனக்கு என்றாள். அவர் இருந்த குழுவும் சேர்த்துத்தானாம். வளரும் பிள்ளைகள், கல்வி, பண்பாடு, இவற்றை மேற்பார்வை செய்யும் குழு.

இரண்டு வருடத்துக்கு முன் தேர்தலில் நின்றதே கோபிகனின் நச்சரிப்பால். கட்டிய புருசன் கேட்கிறாரே என்று பெயரைக் கொடுத்தேன். எங்கள் புருசெத் பகுதித் தமிழர் ஒருவர் பாக்கியில்லாமல் என் பெயருக்கு நேரே புள்ளடி போட்டார்கள். அப்படியும் முழு இடம் கிடைக்கவில்லை. பதில் உறுப்பினர், அதாவது ஒருவர் இல்லாதபோது அவர் இடத்துக்கு வருகிறவர் என்றார்கள். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"நான் என்ன செய்ய வேண்டும்?" என்று எமிலியாவிடம் கேட்டேன்.

"வாசிக்க வேண்டும். கேள்வி கேட்க வேண்டும்."

"பிறகு?"

"அவ்வளவுதான்" என்றாள். சிரித்தாளா தெரியவில்லை.

2 செப்டம்பர், செவ்வாய்

முதல் கூட்டம். ஐந்து பேர் கொண்ட குழு. தலைவி லீசா, ஓய்வுபெற்ற தாதி, கொஞ்சம் கண்டிப்பு. மார்க்கஸ் என்று ஒருவர், எதற்கும் "செலவு?" என்று கேட்கிறவர். இன்னும் இருவர் அதிகம் பேசவில்லை. நான்.

வீட்டுக்கு வந்து கோபிகனுக்கு விளங்கப்படுத்த முயன்றேன். எனக்கே விளங்கவில்லை. பெயரில் கல்வி இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடங்கள் மாநகரத்தின் கையில். எங்கள் பார்வையில் இருப்பவை பாலர் பராமரிப்பு, இளையோர் கூடம், சங்கங்கள் கூடும் இடங்கள், விழாக்கள். அவற்றிலும் நாங்கள் எதையும் நடத்துவதில்லை. நிர்வாகம் நடத்தும். மன்றம் தீர்மானிக்கும். நாங்கள் போய்ப் பார்ப்போம், கேட்போம், இப்படிச் செய்தால் நல்லது என்று எழுதிக் கொடுப்போம். ஆனால் குழு எழுதிக் கொடுத்ததை மன்றம் அனேகமாக மாற்றாதாம்.

"அப்ப அதிகாரம் இருக்கோ இல்லையோ?" என்றார் கோபிகன்.

இருக்கிறது. இல்லை. இருக்கிற மாதிரி இல்லை. பேசாமல் சோற்றைச் சாப்பிடுங்கோ என்றேன்.

3 செப்டம்பர், புதன்

வாசிக்க வேண்டிய தாள்கள் வந்தன. தலையணை உயரம்.

16 செப்டம்பர், செவ்வாய்

இரண்டாவது கூட்டம்.

நிர்வாகத்தின் முன்மொழிவு: பழைய சமூகக் கட்டடத்தை ஜனவரியிலிருந்து சனிக்கிழமைகளில் பூட்டுவது. சூடாக்கும் செலவும் காவலாளியின் சம்பளமும் மிச்சமாகுமாம். எங்கள் குழு நேரில் போய்ப் பார்த்து, கருத்து எழுத வேண்டும்.

அந்தக் கட்டடத்தில் சனிக்கிழமை என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் மகள் யாழ் ஆறு வயதில் அங்கேதான் "அ" எழுதினாள், இப்போது பதின்மூன்று. புருசெத்திலிருந்தும் ஹவுகெட்டோவிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். காலையில் தமிழ் வகுப்பு, மத்தியானம் மிருதங்கமும் நடனமும். வேறு நாள் வைக்கவும் முடியாது. கிழமை நாட்களில் இளையோர் கூடம், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சங்கம்.

என் பிள்ளை அங்கே படிப்பதை முதலிலேயே சொன்னேன். எமிலியா விதியைப் பார்த்தாள். பலருடைய பிள்ளைகளோடு ஒரு பிள்ளை படிப்பது தடையில்லை, இருக்கலாம் என்றாள்.

கையை உயர்த்தினேன். கேட்டேன்: "சனிக்கிழமை பூட்டினால் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று யாராவது பார்த்தீர்களா?"

நிர்வாகத்திலிருந்து வந்தவர் மிகவும் மரியாதையாகத் தலையசைத்தார். "நல்ல கேள்வி. பிறகு அதற்கு வருகிறோம்" என்றார்.

கூட்டம் முடியும்வரை அதற்கு வரவில்லை.

18 செப்டம்பர், வியாழன்

செய்தி எப்படிப் பரவியது? கடைக்குள் நிற்கும்போதே ஏழெட்டு அழைப்பு. எல்லோரும் ஒரே வசனம்: நீர் அங்கை இருக்கிறீர்தானே.

இருக்கிறேன்தான். ஆனால் இருப்பதென்றால் என்ன?

இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரசரத்தினம் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். தமிழ்ப் பாடசாலையைத் தொடங்கியவர்களில் ஒருவர், பல வருடமாகத் தலைவர். நோர்வேக்கு வந்த காலத்தில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்று, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, தன் சனிக்கிழமைகள் எல்லாவற்றையும் அந்தக் கட்டடத்துக்கே கொடுத்தவர். அவர் முன்னால் எனக்குக் குழுவின் விதிகளைச் சொல்ல வாய் வரவில்லை.

"பிள்ளை, பயப்பிடாதையும். உம்மை நாங்கள் தெரிஞ்சு அனுப்பினதே இதுக்குத்தானே" என்றார்.

"அண்ணை, குழு 27ஆம் திகதி பாக்க வருது. வழக்கமா நடக்கிற மாதிரி வகுப்பு நடந்தாக் காணும். வேற ஒண்டும் வேண்டாம்."

"ஓம், ஓம். வழக்கமாத்தான்."

அந்த இரண்டாவது "ஓம்" எனக்குப் பிடிக்கவில்லை.

27 செப்டம்பர், சனி

ஐயோ.

எங்கே தொடங்கி எழுத? வாசலில் நிறைகுடம். குத்துவிளக்கு. இரண்டு வரிசையில் பட்டுப்பாவாடையோடு சின்னப் பிள்ளைகள், கையில் பூத்தட்டு, குளிரில் பல்லுக் கிட்டிப்போய் நிற்கிறார்கள். லீசாவுக்குப் பன்னீர் தெளித்தார்கள், அவள் மழை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தாள். மார்க்கஸின் நெற்றியில் சந்தனம், நடுவில் குங்குமம். மனிதர் அதைத் துடைக்கவுமில்லை, தொடவுமில்லை.

மண்டபத்தில் வரவேற்புரை. வரவேற்பு நடனம். பிறகு இன்னொரு நடனம். மிருதங்கம். அரசரத்தினம் அண்ணை கோட்டும் ரையும் போட்டு, நோர்வேஜிய மொழியில் எழுதி வைத்து வாசித்தார். பிறகு ரோல்ஸ், வடை, கேக். லீசா மூன்று ரோல்ஸ் சாப்பிட்டாள், அது எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

வகுப்பறைகள் எல்லாம் பூட்டு. உள்ளே ஒருவரும் இல்லை, பிள்ளைகள் எல்லாம் மேடையில்.

கடைசியில் அரசரத்தினம் அண்ணையை ஒரு மூலைக்குக் கூப்பிட்டேன். "அண்ணை, வகுப்பெல்லோ பாக்க வந்தவை!"

"வீட்டுக்கு ஆக்கள் வரேக்கை வழக்கமா இருக்கிற மாதிரியே இருப்பம்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. "மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே, பிள்ளை."

என் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். யாழ் ஒரு கதிரையில் இருந்து தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, இண்டைக்குச் சோதனை எண்டு சொன்னவை. நான் படிச்சுக்கொண்டு வந்தனான்" என்றாள்.

7 அக்டோபர், செவ்வாய்

குழுவின் அறிக்கை வரைவு. அழகான வரவேற்பு, சிறப்பான நடனங்கள், நன்றி. அதன்பின் ஒரு வசனம்: "பார்வையிட்ட நேரத்தில் கற்பித்தல் எதுவும் காணப்படவில்லை." அதன்பின் இன்னொன்று: விழாக்களை வேறு மண்டபத்திலும் நடத்தலாம்.

அந்த முதல் வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பொய்யென்று சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. கற்பித்தல் காணப்படவில்லைதான். நானும் அங்கேதான் நின்றேன், நானும் காணவில்லை.

"எங்கள் ஆட்கள் விருந்தினரை அப்படித்தான் வரவேற்பார்கள். வழமையான சனிக்கிழமை அப்படி இருக்காது" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் மார்க்கஸ். "ஆனால் கண்டதைத்தான் எழுத முடியும்."

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. மார்க்கஸ் சொன்னது நியாயம். அண்ணை செய்தது மரியாதை. இரண்டும் சரியென்றால் நடுவில் பிழை எங்கே கிடக்கிறது? கடையில் நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றி வைத்து ஆட்களிடம் கேட்கிறேன், முதலாவது தெளிவா, இரண்டாவது தெளிவா என்று. சிலர் இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். இன்றைக்கு நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

கடைசியில் சொன்னேன்: "அப்படியென்றால் இன்னொரு தடவை போவோம். முன்கூட்டிச் சொல்லாமல்."

லீசா என் பக்கம் திரும்பினாள். "உன்னால் சொல்லாமல் இருக்க முடியுமா?"

"முடியும்" என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று.

15 அக்டோபர், புதன்

சொல்லாமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்.

அரசரத்தினம் அண்ணை மோப்பம் பிடித்துவிட்டார். "திரும்ப வருவினமோ, பிள்ளை? எப்ப எண்டு மட்டும் சொல்லும்." சொல்ல ஏலாது அண்ணை என்றேன். "எங்களுக்கே மறைக்கிறீர்" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கவலையோடு சொன்னார்.

கோபிகன் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பதை நான் காணும்படியாகக் கேட்காமல் இருக்கிறார்.

18 அக்டோபர், சனி

முன்னறிவிப்பில்லாத வருகை. லீசா, மார்க்கஸ், நான்.

வாசலில் சப்பாத்துக் குவியல், ஒன்றுக்கொன்று சோடியில்லாமல். வகுப்பறைகளுக்கு நடுவில் உள்ள ஓடை முழுக்கத் தாய்மார் நின்று கதைக்கிறார்கள், பக்கத்தில் தேநீர்ப் போத்தல். இரண்டு பெடியள் நோர்வேஜிய மொழியில் கத்திக்கொண்டு பந்து அடிக்கிறார்கள். அச்சடித்த தாள்கள் நிலத்தில். ஒரு ஆசிரியருக்குக் காய்ச்சல், அவருடைய வகுப்பையும் மரியரஞ்சனி ரீச்சர் தன்னுடைய வகுப்போடு சேர்த்து வைத்துச் சமாளிக்கிறார். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று நினைத்தேன். இதற்காகவா வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

மரியரஞ்சனி ரீச்சர் மார்க்கஸைக் கண்டதும் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன் என்று நினைத்துவிட்டார். கலப்புக் குடும்பங்கள் இப்போது நிறைய. "சத்தம் போடாமல் பின்னாலை இருங்கோ" என்று நோர்வேஜிய மொழியில் அதட்டினார். மார்க்கஸ் இருந்தார். சின்ன வாங்கில் முழங்கால் மடங்கி முகவாய்க்கு வந்துவிட்டது.

அன்றைக்குப் பிள்ளைகள் தங்கள் தெருவைப் பற்றி எழுதிப் படித்தார்கள். ஒரு சின்னவள் எழும்பி, ரி-பான ரயில் வரும் சத்தத்தில் தன் பூனை எப்படிக் கட்டிலுக்குக் கீழே ஓடும் என்று வாசித்தாள். பிழை பிழையாக. ரீச்சர் இடையில் நிறுத்தி ஒரு சொல்லைத் திருத்த, பிள்ளை திரும்பச் சொல்ல, வகுப்பு முழுவதும் சேர்ந்து சொன்னது. மார்க்கஸ் பக்கத்தில் இருந்த பெடியனிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவன் முழுவதையும் அவருக்குச் சொன்னான், ஒரு கையால் வாயை மறைத்துக்கொண்டு.

நாங்கள் நினைத்ததைவிட நீண்ட நேரம் இருந்தோம். வெளியே வந்ததும் மார்க்கஸ் ஒன்றும் சொல்லவில்லை. லீசாதான் சொன்னாள்: "இன்றைக்கு ரோல்ஸ் இல்லை." அவளுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

21 அக்டோபர், செவ்வாய்

புதிய அறிக்கை. பார்வையிட்டதை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. சப்பாத்துக் குவியலையும் பந்தையும் விடவில்லை. பூனையையும் விடவில்லை.

வாக்கெடுப்பு 18 நவம்பரில். எப்படிப் போகும் என்று இப்போதே தெரியும் போலிருக்கிறது. பேசாமல் இருக்கும் அந்த இருவரும் பூட்டச் சொல்கிறார்கள். மார்க்கஸ் திறந்து வைக்கலாம் என்கிறார்! மார்க்கஸ்! நானும் அப்படியே. லீசா இன்னும் சொல்லவில்லை, நிர்வாகத்தின் பதில்களைக் கேட்டபின் என்கிறாள். பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று மறுபடி கேட்டேன். பிறகு அதற்கு வருவார்களாம்.

அவள் ஒருத்தி இந்தப் பக்கம் வந்தால் போதும். என் வாக்கு இல்லாவிட்டால் அதுவும் போதாது. அதை நினைக்க முதல் தடவையாக இந்தக் கதிரையில் இருப்பதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று தோன்றியது.

2 நவம்பர், ஞாயிறு

பாடசாலையின் ஆண்டுப் பொதுக்கூட்டம். எனக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, நான் போகவில்லை. கோபிகன் போனார்.

திரும்பி வந்தவரின் கழுத்தில் பொன்னாடை. முகம் முழுக்கச் சிரிப்பு. "கஜேந்தினி! ஆர் தலைவர் எண்டு சொல்லும் பாப்பம்?"

அரசரத்தினம் அண்ணை தானே எழும்பி, தன் இடத்துக்குக் கோபிகனை முன்மொழிந்தாராம். எங்கள் பிள்ளை மன்றத்தில் எங்களுக்காகப் பாடுபடுகிறாள், அவளுடைய வீட்டுக்கு நாங்கள் செய்யும் மரியாதை இது, இனிப் பாடசாலையும் மன்றமும் ஒரு குடும்பம் என்று சொன்னாராம். மண்டபம் அதிரக் கைதட்டு. ஏகமனதாகத் தெரிவு. என்னில் இருந்த கவலை அண்ணைக்குத் தீர்ந்துவிட்டது, தீர்ந்ததற்குச் சாட்சியாக இதைக் கொடுத்திருக்கிறார்.

நான் சந்தோசப்பட்டேன். எழுதி வைக்கிறேன், அந்த நிமிடம் உண்மையாகவே சந்தோசப்பட்டேன். பொன்னாடையை மடித்து அலுமாரியில் வைத்தேன். மடிக்கும்போதுதான் கை நின்றது.

4 நவம்பர், செவ்வாய்

எமிலியாவிடம் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாமோ?

"உன் கணவர் அந்தப் பாடசாலையின் தலைவரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "எப்போதிருந்து?"

"முந்தநாளிலிருந்து."

பெருமூச்சு விட்டாள். கணவனோ மனைவியோ தலைமை தாங்கும் சங்கத்தின் விடயத்தில் உறுப்பினர் பங்குபற்ற முடியாது. இங்கே அதற்கு "இன்ஹபில்" என்று பெயர். அந்த விடயம் வரும்போது எழும்பி அறையைவிட்டு வெளியே போக வேண்டும். என் இடத்தில் பதில் உறுப்பினர் வந்து உட்காருவார். எங்கள் பட்டியலில் எனக்கு அடுத்தவன் டெனிஸ். இருபத்திரண்டு வயது. ஒரு தடவை கண்டிருக்கிறேன், காதில் எப்போதும் ஏதோ செருகியிருக்கும்.

"அவனுக்கு நான் விளங்கப்படுத்தலாமா?"

"கூடாது."

"ஒரு வசனம்?"

"கஜேந்தினி" என்றாள் எமிலியா. அவ்வளவுதான். போதுமாக இருந்தது.

எங்கடை சனம் என்னைத் தூக்கிக் கதிரையிலை வைச்சுது. பிறகு மரியாதை செய்யிறம் எண்டு அந்தக் கதிரையைத் தாங்களே இழுத்துப் போட்டுது. ஆரை நோக?

9 நவம்பர், ஞாயிறு

கோபிகன் தலைவர் பதவியை விட்டால்? ஒரு கிழமையாக இதுதான். எமிலியாவிடம் அதையும் கேட்டேன். விடலாம், ஆனால் வாக்களிப்பதற்காகவே விட்டதாகத் தெரிந்தால் யாராவது முறைப்பாடு செய்வார்கள், அப்போது நாங்கள் எடுத்த முடிவே செல்லாமல் போகக்கூடும் என்றாள்.

கோபிகன் பாவம். "நீர் சொன்னா விடுறன்" என்றார். "ஆனா அண்ணைக்கு என்னெண்டு சொல்லுறது? சபைக்கு முன்னாலை ரெண்டு கையாலும் தந்தவர்."

இன்று இருவருமாக அண்ணையின் வீட்டுக்குப் போனோம். முழுவதையும் சொன்னேன், விதியைச் சொன்னேன், ஏன் என்று சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டார். தேநீர் ஆறிவிட்டது. கடைசியில், "அப்ப உள்ளை இருந்து கதைக்காதையும். சும்மா கையை மட்டும் உயர்த்தும்" என்றார்.

"அறைக்குள்ளையே இருக்க ஏலாது அண்ணை."

"சொந்தக்காரருக்கு உதவக்கூடாது எண்டு ஒரு சட்டமோ?" சிரித்தார். என்னைச் சமாதானப்படுத்தச் சிரித்தார். "நீர் யோசிக்காதையும். நேரம் வரேக்கை நீர் எங்களை விடமாட்டீர்."

வெளியே வந்து காரில் இருந்து அழுதேன். கோபிகன் காரை எடுக்காமல் இருந்தார். பதவியை விட வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா? எல்லாம் வீணாகப் போனால் இந்த வசனத்தைத்தானே நினைத்துக்கொண்டு இருப்பேன்.

17 நவம்பர், திங்கள்

நாளை.

18 நவம்பர், செவ்வாய்

கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, யாரும் வந்து பார்க்கலாம். தமிழர் வந்திருந்தார்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். அரசரத்தினம் அண்ணை முன்வரிசையில், அதே கோட்டு, அதே ரை. என்னைக் கண்டு தலையசைத்தார். மரியரஞ்சனி ரீச்சர் கையசைத்தார். கோபிகன் கதவுக்குப் பக்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லீசா விடயத்தின் இலக்கத்தை வாசித்தாள். "கஜேந்தினி இந்த விடயத்தில் பங்குபற்ற முடியாது" என்றாள்.

நான் எழும்பினேன்.

கதிரை கிரீச்சிட்டது. கோப்பைத் தூக்கினேன், பேனை விழுந்தது, குனிந்து எடுத்தேன். அந்த அறை அவ்வளவு நீளம் என்று இதற்குமுன் நான் கண்டதில்லை. டெனிஸ் கதவடியில் எதிரே வந்தான், காதில் செருகியதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு. "ஹாய்" என்றான். நானும் "ஹாய்" என்றேன்.

பின்னால் ஒரு பெண்குரல், தமிழில், கேட்கட்டும் என்றே: "எங்கடை விசயம் வரேக்கை எழும்பிப் போறா, பாருங்கோ." யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணையின் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நடந்திருக்க மாட்டேன்.

ஓடையில் ஒரு வாங்கில் இருந்தேன். கதவு தடிப்பு, குரல் தெரிகிறது, சொல் தெரியவில்லை. டெனிஸின் குரல் ஒரு தடவை. நிர்வாகத்தவரின் குரல். மறுபடி டெனிஸ். பிறகு ஒரு நீண்ட அமைதி. என்ன கேட்டான்? எதையாவது உளறுகிறானா? கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும், ஆனால் காது கேட்கப் பார்த்தது.

கைதட்டல் வந்தது. கூட்டத்தில் கைதட்டக் கூடாது என்று லீசா அதட்டியதும் கேட்டது.

மூன்றுக்கு இரண்டு என்று பிறகு தெரிந்தது. திறந்திருக்கும்.

கதவைத் திறந்துகொண்டு சனம் வந்தது. டெனிஸை நடுவில் விட்டுத் தோளில் தட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கடந்து போனார்கள். ஒருவரும் ஒன்றும் கெடுதலாகச் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அண்ணை மட்டும் நின்றார். "என்ன பிள்ளை, இப்பிடிச் செய்துபோட்டீர்" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கோபிகன் என் கோப்பை வாங்கித் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

நான் விரும்பியதுதான் நடந்தது. அப்படியென்றால் ஏன் இப்படி இருக்கிறது?

22 நவம்பர், சனி

யாழை வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டேன். ஓடையில் தாய்மார் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேநீர் தேவைப்பட்டது.

17 ஜனவரி 2026, சனி

பாடசாலையின் பொங்கல் விழா. நான் போகாமல் இருக்கப் பார்த்தேன். தலைவரின் மனைவி எப்படிப் போகாமல் இருப்பது? பச்சைச் சேலை உடுத்து முன்வரிசையில் போய் இருந்தேன்.

டெனிஸ்தான் சிறப்பு விருந்தினர். வாழையிலையில் பொங்கலை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல பெடியன். அவனில் எனக்குக் கோபம் வைக்க முடியவில்லை, முயற்சி செய்தும்.

மேடையில் தமிழ் மட்டும் என்பது பாடசாலையின் விதி. வெளியார் பேசினால் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். அந்த வேலை எப்போதும் மரியரஞ்சனி ரீச்சருடையது. இன்று அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அறிவிப்பாளர் சபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல்தான் கூப்பிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

ஏறினேன். கோபிகன் டெனிஸுக்குப் பொன்னாடை போர்த்தினார். அரசரத்தினம் அண்ணை பேசினார். "எங்கடை ஆக்களே எழும்பிப் போன நேரத்திலை, ஆரெண்டே தெரியாத இந்தப் பிள்ளை எங்களுக்காக நிண்டது" என்றார். அதை டெனிஸுக்கு நோர்வேஜிய மொழியில் நான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை. "எங்கள் ஆட்களே" என்பதையும் விடவில்லை. என் குரல் நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு கோபிகன் சொன்னார்.

டெனிஸ் என்னைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. ஒலிவாங்கியை வாங்கினான்.

"இது பிழை" என்றான், அவன் மொழியில். "அன்றைக்குக் காலைவரை எனக்கு இந்தப் பாடசாலை இருப்பதே தெரியாது. ரி-பானவில் வரும்போது கூட்டக் குறிப்புகளை வாசித்தேன். கஜேந்தினி ஒரே கேள்வியை இரண்டு கூட்டத்திலும் கேட்டிருந்தார், ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் அதையே திரும்பக் கேட்டேன். அப்போதும் பதில் இல்லை. அதனால்தான் லீசா எங்கள் பக்கம் வந்தாள். நான் வேறொன்றும் செய்யவில்லை. அவர் சட்டப்படி வெளியே போகாமல் இருந்திருந்தால் இந்த முடிவே செல்லாது. இந்தச் சால்வை இவருக்குரியது."

முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தவர்களுக்கு அது விளங்காமல் இருக்குமா? ஆனால் விதி விதிதான், தமிழில் சொல்லும்வரை மேடையில் எதுவும் சொல்லப்பட்டதாகாது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அண்ணை ஒலிவாங்கியின் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கம்பி நேராகத்தான் இருந்தது.

வாயைத் திறந்தேன். இந்த இரண்டு மாதமாக ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைத்த அதே வசனங்கள், அவன் அப்படியே எடுத்து என் கையில் தந்திருக்கிறான். திருப்பிச் சொன்னால் போதும்.

"தன்னைக் கௌரவிச்சதுக்கு அவர் நன்றி சொல்லுறார்" என்றேன்.

முதலில் ஒருவரும் தட்டவில்லை. பிறகு யாரோ தட்டத் தொடங்கினார்கள், பிறகு எல்லோரும். யாருக்குத் தட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. டெனிஸ் பொன்னாடையோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் யாழ் பின்இருக்கையிலிருந்து சொன்னாள்: "அம்மா, நீங்கள் பிழையாச் சொன்னனீங்கள்."

"ஓம்."

"ஏன்?"

கோபிகன் ஓட்டிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன், பனி கொட்டிக்கொண்டிருந்தது. தெரியாது அம்மா என்றேன். இப்போது எழுதும்போதும் அண்ணை சரிசெய்துகொண்டிருந்த அந்த நேரான கம்பிதான் கண்ணில் நிற்கிறது.